படர்க்கையில் நிற்கும் சிறுவன்: ஐந்தாம் வகுப்புப் பாடநூல்களை ஒரு பனுவலாக வாசித்தல்

முன்னுரை

நாட்டில் மிகுதியாக வாசிக்கப்படும் உரைநடை பாடநூல் உரைநடையே ஆகும். சில ஆயிரம் படிகள் விற்கும் புதினத்தைத் திறனாய்வாளர் கவனிக்கின்றனர். இலட்சக்கணக்கில் அச்சாகி, வரிவரியாகப் படிக்கப்பட்டு, மனப்பாடமும் ஆகும் பாடநூலையோ கல்வியியலாரிடம் விட்டுவிடுகின்றனர். கல்வியியலார் அதன் பயனை அளக்கின்றனர். அதில் பேசுவோர் யார், கேட்போர் யார், எந்தக் கூற்றில் எந்தச் செய்தி சொல்லப்படுகிறது என்னும் வினாக்கள் இலக்கியத் திறனாய்வுக்கு உரியவை. அவை பெரும்பாலும் எழுப்பப்படாமலே போகின்றன.

ஆய்வு நிகழும்போதும் மொழிநூல் தனியே, கணித நூல் தனியே, சூழ்நிலையியல் நூல் தனியே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. குழந்தையோ அவற்றை ஒரே நாளில், ஒரே பையிலிருந்து எடுத்து வாசிக்கிறது. முதற்பாடவேளையில் கேட்ட கதையின் நினைவோடுதான் மூன்றாம் பாடவேளையில் கணக்குப் போடுகிறது. ஆதலின் ஒரு வகுப்பின் நூல்கள் அனைத்தையும் ஒரே பனுவலாகக் கொண்டு வாசிப்பது குழந்தையின் வாசிப்புக்கு நெருங்கிய முறையாகும். தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் (என்.சி.இ.ஆர்.டி.) 2008ஆம் ஆண்டில் நிறைவு செய்த தொடக்கப்பள்ளி நூல்வரிசையின் ஐந்தாம் வகுப்பு நூல்களை அவ்வாறு வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது. தேவையான இடங்களில் நான்காம் வகுப்பு நூல்களும் ஒப்பிடப்படுகின்றன.

நூல்களும் பின்புலமும்

யஷ்பால் தலைமையிலான குழு 1993இல் அளித்த ‘சுமையற்ற கற்றல்’ அறிக்கை, பள்ளிப்பையின் எடையைவிடப் புரியாமையின் சுமையே பெரிது என்று சுட்டியது. அவர் தலைமையிலேயே 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு உருவாயிற்று. அதனை ஒட்டி 2006ஆம் ஆண்டில் மூன்றாம் வகுப்புக்கும், 2007இல் நான்காம் வகுப்புக்கும், 2008இல் ஐந்தாம் வகுப்புக்கும் புதிய நூல்கள் வந்தன. தொடக்கநிலைப் பாடநூல் குழுவுக்கு அனிதா ராம்பால் தலைமை வகித்தார். ஐந்தாம் வகுப்பில் இந்திக்கு ‘ரிம்ஜிம்’, சூழ்நிலையியலுக்கு ‘ஆஸ்-பாஸ்’, கணிதத்திற்கு ‘கணித் கா ஜாதூ’, ஆங்கிலத்திற்கு ‘மேரிகோல்டு’ என நூல்கள் அமைந்தன. ஆங்கில வழியில் பயின்றோர் ‘லுக்கிங் அரவுண்டு’, ‘மேத்-மேஜிக்’ என்னும் பெயர்களில் அவற்றை அறிவர்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் இந்நூல்களின் இடத்தில் வேறு நூல்கள் வந்துவிட்டன. மூன்றாம் வகுப்பில் 2024ஆம் ஆண்டிலும், நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் 2025ஆம் ஆண்டிலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் வழக்கில் இருந்த ஒரு பனுவல் இப்போது நிறைவு பெற்ற ஒன்றாக நம்முன் உள்ளது. அதனை மதிப்பிடுவதற்கு ஏற்ற காலம் இது.

பாடப்பொருளும் கருப்பொருளும்

மூன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு அறிவியலும் சமூகவியலும் சூழ்நிலையியல் என ஒன்றாக்கப்பட்டன. அதன் பாடத்திட்டம் ஆறு கருக்களின்மீது நிற்கிறது: குடும்பமும் நண்பர்களும், உணவு, உறைவிடம், நீர், பயணம், நாம் செய்வனவும் ஆக்குவனவும். இவற்றுள் முதலாவதன் உட்பிரிவுகள் நான்கு: உறவுகள், வேலையும் விளையாட்டும், விலங்குகள், தாவரங்கள். மரத்தையும் மாட்டையும் ‘உயிரியல்’ என்று தனியே நிறுத்தாமல் குடும்பத்தின்கீழ் வைத்திருப்பது நோக்கத்தக்கது. நான்காம் வகுப்பு நூலில் இராசத்தானத்துக் கேஜட்லி ஊரில் மரங்களைத் தழுவிக் காத்த அம்ரிதாவின் கதை இப்பகுப்பின் விளைவேயாகும்.

தமிழ் பயின்றோர்க்கு இப்பகுப்பு புதுமையாகத் தோன்றாது. நற்றிணை 172ஆம் பாடலில், விளையாட்டாக மணலில் அழுத்திய காழ் முளைத்து வளர்ந்த புன்னையை மகளுக்கு உடன்பிறந்தாள் என்று தாய் உறவு கூறுகிறாள். தொல்காப்பியர் கருப்பொருளாகத் தொகுப்பவற்றுள் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவை ஒரே வரிசையில் நிற்கின்றன. உணவையும் விலங்கையும் மரத்தையும் சொல்லும் மூச்சிலேயே ‘செய்தி’ எனப்படும் தொழிலையும் அவர் சொல்கிறார். நிலத்தின் உயிர்களையும் அந்நிலத்து மக்கள் செய்யும் வேலையையும் பிரித்தறிய முடியாது என்னும் பார்வை அது. அறிவியல் நூலில் மரமும், சமூகவியல் நூலில் உழவனுமாகப் பிரித்துக் கற்பித்த பழைய முறை இவ்விணைப்பை அறுத்திருந்தது. 2008ஆம் ஆண்டு நூல்கள் அதனை மீண்டும் பிணைத்தன.

ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் பொருந்தாது. கருப்பொருள் உரிப்பொருளுக்குப் பின்னணியாக நிற்பது. இந்நூல்களில் உரிப்பொருளின் இடத்தை வினா பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு பாடமும் விளக்கத்தில் முடியாமல் ‘உன் ஊரில் எப்படி?’, ‘பெரியவர்களைக் கேட்டு எழுது’ என்னும் ஏவலுக்கு இட்டுச் செல்கிறது. இந்த ‘உன்’ யாரைக் குறிக்கிறது என்பதே இக்கட்டுரையின் மைய வினா. அதற்குமுன் இவ்விணைப்பின் வெற்றியை இரண்டு சான்றுகளால் காணலாம்.

ஒரு பொருள், இரு நூல்கள்

முதற்சான்று நீர். ‘ஆஸ்-பாஸ்’ நூலில் ஜைசல்மேரின் கட்ஸீசர் ஏரி பாடமாகிறது. சுமார் 650 ஆண்டுகளுக்குமுன் மன்னர் கட்ஸீ மக்களைக்கொண்டு வெட்டிய ஏரி அது. அது நிரம்பினால் மிகுநீர் அடுத்த ஏரிக்குப் பாயும். இவ்வாறு ஒன்பது ஏரிகள் தொடராக இணைந்திருந்தன. அதே பாடத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் இந்தியாவுக்கு வந்த அல்பிரூனி இங்குள்ள குளங்களை வியந்த செய்தி வருகிறது. வரலாறு, புவியியல், நீர்ப் பொறியியல் ஆகிய மூன்றும் பெயர் சொல்லப்படாமலே குழந்தையிடம் வந்து சேர்கின்றன.

‘ரிம்ஜிம்’ நூலிலோ அனுபம் மிஸ்ரவின் ‘பானீ ரே பானீ’ என்னும் கட்டுரை இடம்பெறுகிறது. குளங்களைப் பற்றி 1993இல் வெளிவந்த நூலால் அறியப்பட்ட எழுத்தாளர் அவர். நிலத்தைப் பெரியதோர் உண்டியலாக அவர் உருவகிக்கிறார். மழையைச் சேமித்தால் வேண்டும்போது எடுக்கலாம். ஏரி குளங்களைக் குப்பையிட்டு மூடிவிட்டால் உண்டியல் வெறுமையாகும். ஏரித்தொடரைச் சூழ்நிலையியலில் படித்த குழந்தைக்கு இந்த உருவகம் மொழியின் அணியாக மட்டும் நிற்பதில்லை. உண்டியலுக்குள் காசு எவ்வாறு விழுகிறது என்பதை அது முன்பே அறிந்திருக்கிறது. உருவகம் என்பது அறிந்த பொருளைக்கொண்டு அறியாததை அறிவித்தல் என்னும் இலக்கணம், இரண்டு பாடவேளைகளுக்கு இடையில் செயலாவதை இங்குக் காண்கிறோம். ஒரு நூலை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் இந்த நயம் புலப்படாது.

தொழிலும் கணக்கும்

இரண்டாம் சான்று தொழில். கணித நூலின் முதற்பாடம் மீனைப் பற்றியது. கட்டைப்படகு முதல் பெரிய இயந்திரப்படகு வரை ஒவ்வொன்றின் வேகமும் அது கொணரும் மீனின் அளவும் கணக்குகளாகின்றன. மீனை உலர்த்தி விற்கும் பெண்கள் குழுவின் சேமிப்பும் கடனும் அடுத்து வருகின்றன. பெருக்கலைக் கற்பிக்கும் பாடத்தில் பண்ணைக் கூலியாளின் நாட்கூலியும், மாநிலங்கள் வரையறுத்த குறைந்தபட்சக் கூலியின் அட்டவணையும் இடம்பெறுகின்றன. நான்காம் வகுப்புக் கணித நூலில் மூர்ஷிதாபாதில் செங்கல் பாவிய பள்ளித்தளமும், பாட்னாவில் பழைய பொருள் வாங்கி விற்கும் கிரண் என்னும் பெண்ணும் வருகின்றனர்.

பழைய கணித நூல்களிலும் வணிகர் உண்டு, வேலையாட்களும் உண்டு. ‘பத்து ஆட்கள் ஒரு சுவரை ஐந்து நாளில் கட்டினால்’ என்னும் கணக்கை நாம் அனைவரும் செய்திருக்கிறோம். அந்த ஆட்களுக்கு ஊரில்லை, பெயரில்லை, கூலியுமில்லை. விடை கிடைத்ததும் அவர்கள் மறைந்துவிடுவர். 2008ஆம் ஆண்டு நூலில் கூலி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதை அட்டவணையில் காணும் குழந்தை, பெருக்கலின் விடையோடு நின்றுவிட முடியாது. ஒரே வேலைக்கு ஏன் வேறு வேறு கூலி என்னும் வினா கணக்கிலிருந்தே முளைக்கிறது. ‘ரிம்ஜிம்’ நூலில் சிம்லாவின் அஞ்சலூழியர் கன்வர்சிங் தம் பணியைத் தாமே எடுத்துரைக்கும் நேர்காணலும் இவ்வரிசையில் சேர்கிறது. தொழில் செய்வோர் கற்பிக்கும் இடத்தில் அமர்வதும், அது ஒரு பாடத்தோடு முடியாமல் எல்லாப் பாடங்களிலும் தொடர்வதும் இந்நூல்வரிசையின் தலையாய சாதனை எனலாம்.

தன்மைக் கூற்றும் படர்க்கைக் கூற்றும்

தொழில் செய்யும் குடும்பத்தின் குழந்தை இந்நூல்களில் எவ்வாறு பேசுகிறது, அல்லது பேசாமலிருக்கிறது என்பதை இனி நோக்க வேண்டும். சூழ்நிலையியல் நூலின் நான்கு பாடங்கள் இங்கு ஒப்பிடத்தக்கன.

ஒன்று, பாம்பாட்டிக் குடும்பத்துச் சிறுவன் ஆர்யநாதனின் பாடம். காலபேலியா இனத்தைச் சேர்ந்த அச்சிறுவன் தன் கதையைத் தானே சொல்கிறான். பாம்புகளை அவன் தாத்தா அறிந்த விதம், காட்டுச் செடிகளால் மருந்து செய்து கடிபட்டோருக்கு உதவியது, பாம்பு வளர்க்க அரசு விதித்த தடை, அத்தடையால் மாறிப்போன வாழ்வு ஆகிய அனைத்தும் ‘நான்’, ‘நாங்கள்’ என்னும் தன்மைச் சொற்களில் வருகின்றன. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் நான்கு நச்சுப்பாம்புகளைப் பற்றிய அறிவியற் செய்தியும் அப்பாடத்திலேயே உள்ளது. ஆர்யநாதனின் குரலைக் கேட்ட வாசகர் இச்செய்தியை அவன் குடும்பத்து அறிவின் தொடர்ச்சியாகவே ஏற்கிறார்.

இரண்டு, விதை சொல்லும் உழவன் கதை. குசராத்தின் வன்காம் ஊரில் தாம்ஜிபாய் மரப்பெட்டியில் காத்துவைத்த கம்பு விதை ஒன்று மூன்று தலைமுறைகளின் வரலாற்றைக் கூறுகிறது. மகன் காலத்தில் கால்வாய் நீரும் கோதுமையும் பருத்தியும் வருகின்றன. உரச்செலவும் கடனும் பெருகுகின்றன. பேரன் உழவை விட்டுச் சரக்குந்து ஓட்டச் செல்கிறான். அஃறிணைப் பொருள் பேசுவது போலச் சொல்லும் மரபுக்கு நன்னூலார் இடம் தந்துள்ளார். இங்கு அம்மரபு அழகுக்காக வரவில்லை. நிலத்தை விட்டு எல்லோரும் நீங்கியபின் சாட்சி சொல்ல எஞ்சியிருப்பது விதை ஒன்றே. அதனைத் தன்மையில் பேசவைத்தது தேர்ந்த கதைசொல்லியின் முடிவாகும்.

மூன்றாவது பாடம் ஜாத்ரியாபாயைப் பற்றியது. கேடீ என்னும் காட்டூரில் பிறந்தவர் அவர். அணைக்காக ஊரை இழந்து சிந்தூரிக்கும், அங்கிருந்து மும்பைக்கும் பெயர்கிறார். நான்காவது தனுவின் பாடம். தசராவுக்குப் பின் ஊரில் வேலையின்றி, முகாதம் எனப்படும் தரகரிடம் கடன்பட்டு, கரும்பு வெட்டுவதற்காக ஆறு மாதம் வெளியூர் செல்லும் குடும்பத்துச் சிறுவன் தனு. இவ்விரு பாடங்களும் படர்க்கையில் எழுதப்பட்டவை.

இந்நான்கையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. தன்மையில் பேசுவோரிடமிருந்து வாசகர் அறிவைப் பெறுகிறார். படர்க்கையில் சொல்லப்படுவோரிடம் வாசகர் இரக்கம் கொள்கிறார். கரும்பு வெட்டும் கத்தியின் பிடி, கட்டின் எடை, முன்பணம் கழிய எத்தனை கட்டு வெட்டவேண்டும் என்னும் கணக்கு ஆகியவற்றைத் தனுவின் குடும்பம் அறியும். ஆர்யநாதன் பாம்பைப் பற்றிச் சொன்னது போலத் தனு கரும்பைப் பற்றிச் சொல்லியிருக்க முடியும். அவனுடைய முன்பணக் கணக்கு கணித நூலின் கூலி அட்டவணையோடு இணைந்திருந்தால், இரு நூல்களும் ஒன்றையொன்று நிறைவு செய்திருக்கும். அவ்விணைப்பு நிகழவில்லை. தனு நடக்கிறான், நாம் அவன் போவதைப் பார்க்கிறோம்.

முன்னிலையில் இருப்பவர் யார்

இக்குறை கதைநுட்பத்தின் குறையாக மட்டும் இல்லை. தனுவின் பாடத்தை வாசிக்கும் குழந்தை அந்நேரத்தில் வகுப்பில் அமர்ந்திருக்கிறது. தனு அந்த ஆறு மாதமும் வகுப்பில் இல்லை. பாடத்தின் இறுதியில் வரும் வினாக்கள் ‘உன்’னை நோக்கி, தனுவைப் பற்றிக் கேட்கப்படுகின்றன. ஆகவே இங்கு முன்னிலையும் படர்க்கையும் இரண்டு சமூக இடங்களாகிவிடுகின்றன. மாற்றலுக்குரிய மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளை முதன்மையாகக் கருதி அமைந்த கேந்திரிய வித்யாலயாக்களிலும், மத்திய வாரியத்தின்கீழ் உள்ள தனியார் பள்ளிகளிலும் இந்நூல்கள் பயிலப்பட்டன என்பதை நினைத்தால் இவ்விடைவெளி இன்னும் தெளிவாகும்.

நான்காம் வகுப்பு நூல் ஒன்று இதற்கு மாற்றுவழி காட்டுகிறது. லடாக்கின் சுஸ்கித் என்னும் சிறுமி நடக்க இயலாதவள். சக்கரநாற்காலி பள்ளிவரை செல்லுமாறு அப்துல் என்னும் சிறுவனும் மற்றவர்களும் பாதையைச் சமன்செய்கின்றனர். அக்கதை, பள்ளியை அடையாத குழந்தையைப் பள்ளிக்குக் கொணர்வது யாருடைய வேலை என்பதைச் செயலால் சொல்கிறது. தனுவுக்கு அத்தகைய பாதை எதுவும் கதையில் அமையவில்லை. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நூல் அதற்கு முந்தியது. விடையில்லாத ஒரு வினாவை மறைக்காமல் குழந்தையின் கையில் கொடுத்த நேர்மையை இங்குப் பாராட்டவேண்டும். வினாவுக்கு உரியவனின் குரல் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

‘இவ்வேலையை யார் செய்வது’ என்னும் பொருளில் அமைந்த துப்புரவுப் பாடம் இவ்வகையில் தனித்து நிற்கிறது. துப்புரவுப் பணியாளர்கள் தம் வாயால் தம் நிலையைக் கூறுகின்றனர். அதனை அடுத்து, காந்தியடிகளின் ஆசிரமத்தில் வளர்ந்த நாராயண் தேசாயின் இளமை நினைவு வருகிறது. ஆசிரமத்தில் அனைவரும் கழிப்பிடம் தூய்மை செய்தாக வேண்டும். ஒரு பக்கத்தில் தாமே ஏற்றுச் செய்தோர். மறுபக்கத்தில் பிறப்பால் அவ்வேலை சுமத்தப்பட்டோர். முன்னது அறம் எனப்படுகிறது. பின்னது விதி எனப்படுகிறது. நூல் இவ்விரண்டையும் அருகருகே வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. வேறுபாட்டைக் குழந்தையே உணருமாறு விட்ட இவ்விடம், நூல்வரிசை முழுவதிலும் மிகத் துணிந்த இடமாகும். பணியாளர்கள் தன்மையில் பேசியதால்தான் இத்துணிவு கைகூடியது என்பதும் கருதத்தக்கது.

பெயரும் பேச்சும்

மொழிநிலையிலும் இதே ஒழுங்கைக் காணலாம். முகாதம், உந்தியு, வள்ளம், மாமிடி தாண்ட்ர என வட்டாரப் பெயர்ச்சொற்கள் நூல்களில் மொழிபெயர்க்கப்படாமலே இடம்பெறுகின்றன. அவை குழந்தைக்கு நாட்டின் பரப்பை உணர்த்துகின்றன. வாக்கியமோ எங்கும் ஒன்றே. குசராத்தின் உழவரும், தனுவின் தாயும், போச்சம்பள்ளி நெசவாளர் வீட்டு வாணியும் ஒரே தரப்படுத்திய உரைநடையில் பேசுகின்றனர். வட்டாரத்தின் பெயர்கள் வகுப்புக்குள் வந்துவிட்டன. பேச்சு வாயிலில் நிற்கிறது.

ஆங்கில நூல் இப்பொதுத் திட்டத்திலிருந்து பெரிதும் விலகி நிற்பதையும் குறிப்பிடவேண்டும். மணிப்பூர்க் கதையும், கேரளத்து அவியல் பிறந்த கதையும், பிரேம்சந்தின் கதையும் அதில் உண்டு. எனினும் ராபின்சன் குரூசோவும் ரிப் வான் விங்கிளும் கல்லிவரும் அந்நூலில் பெறும் இடத்தைக் கிரணோ மீனவப் பெண்களோ பெறவில்லை. மற்ற பாடவேளைகளில் தன் ஊரைக் கேள்வி கேட்கக் கற்ற குழந்தை, ஆங்கிலப் பாடவேளையில் ஊரை விட்டே வெளியேறுகிறது. உழைப்பைப் பேச ஒரு மொழி, உயர்வைப் பேச ஒரு மொழி என்னும் எண்ணம் எந்த வரியிலும் எழுதப்படாமலே கற்பிக்கப்பட்டுவிடுகிறது.

முடிவுரை

2008ஆம் ஆண்டின் ஐந்தாம் வகுப்பு நூல்கள் மரத்தையும் மனிதரையும், கணக்கையும் கூலியையும், உருவகத்தையும் ஏரியையும் ஒரே வகுப்பறையில் இணைத்தன. தொழில் என்பது அறிவு என்பதைப் பாடங்களின் எல்லைகளைக் கடந்து நிறுவின. அவ்வறிவை உடையவரின் குழந்தையைப் பேசவைக்க வாய்த்தபோது உயர்ந்தன. பேசப்படும் பொருளாக மட்டும் வைத்தபோது தாழ்ந்தன. ஆர்யநாதனுக்கும் தனுவுக்கும் இடையிலுள்ள தொலைவு தன்மைக்கும் படர்க்கைக்கும் இடையிலுள்ள தொலைவே ஆகும்.

இப்போது வழக்கில் உள்ள புதிய நூல்களை மதிப்பிடுவது தனி ஆய்வுக்குரியது. அவ்வாய்வை மேற்கொள்வோர் பாடங்களின் பட்டியலையும் படங்களின் எண்ணிக்கையையும் பார்ப்பதோடு அமையாமல், ஒவ்வொரு பாடத்திலும் ‘நான்’ என்று சொல்பவர் யார், ‘நீ’ என்று அழைக்கப்படுபவர் யார், ‘அவன்’ என்று சுட்டப்படுபவர் யார் என்று எழுதிப் பார்த்தல் வேண்டும். மூவிடப் பெயர்களைக் குழந்தைக்குக் கற்பிப்பது இலக்கணப் பாடம். அம்மூன்றில் எந்த இடம் எந்தக் குழந்தைக்கு என்பதைப் பாடநூல் முழுவதும் சேர்ந்து கற்பிக்கிறது. கரும்புத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து வகுப்பில் அமரும் சிறுவன் நூலைத் திறக்கும்போது, தன்னை ‘நீ’ என்று அழைக்கும் ஒரு வரியேனும் அவனுக்குக் கிடைக்கவேண்டும்.